உப்புப் பானையில் ஆலங்கட்டி

ஞானப்பூ டீச்சர் தவறிப்போன செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் பஸ் கண்டக்டர். பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கி வந்து, தையல் வகுப்பின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பிள்ளைகளுக்குக் காஜா எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"உங்க சயன்ஸ் டீச்சர், அந்தக் குளச்சக்காரி, காலம்பற தவறிட்டாவளாம். அண்ணன் வீட்டுலேருந்து சொல்லிவிட்டாவ" என்றார்.

"குளச்சல் இல்ல, நெய்யூர் பக்கம்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். வண்டி நகர்ந்து, ஊசியில் நூல் கோக்கக் குனிந்தபோதுதான் சேதி எனக்கு உறைத்தது. சாவு சொல்ல வந்த மனிதரைத் திருத்தி அனுப்பியிருக்கிறேன். டீச்சரோடு ஒரே கூரையின் கீழ் இத்தனை வருஷம் இருந்தால், திருத்துகிற அந்த வியாதி எனக்கும் ஒட்டாமல் போகுமா? மூச்சு முட்டுகிறது என்று விடுப்பு எடுத்து அண்ணன் வீட்டுக்குப் போனவர், கோடை விடுமுறை முடிந்ததும் வந்துவிடுவேன் என்றுதான் சொல்லியிருந்தார். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வகுப்பை விட்டு வெளியே போய் நின்றேன்.

பள்ளி மலருக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று ஹெட்மாஸ்டர் கேட்டபோது, தையல்காரிக்கு ஊசி போதும், பேனா எதற்கு என்று மழுப்பிப் பார்த்தேன். அவர் விடவில்லை. டீச்சரின் கண்டிப்பு, நேரம் தவறாத வழக்கம், கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை இவற்றையெல்லாம் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். அவரிடம் படித்த பெண்களில் பாதிப்பேர் அவரை ஈரமில்லாதவர் என்றுதான் நினைத்திருக்கிறீர்கள். தையல் வகுப்பில் உட்கார்ந்துதானே அதைப் பேசுவீர்கள்? எனக்குத் தெரியாமல் இருக்குமா? அதனால்தான் இதை எழுதுகிறேன். எழுதலாமா, கூடாதா என்று இந்த நிமிஷம் வரை எனக்கு நிச்சயமில்லை.

தப்பாக ஒரு வார்த்தை காதில் விழுந்தால் டீச்சருக்கு உடம்பில் முள் தைத்த மாதிரி ஆகிவிடும். எடுக்காமல் இருக்க மாட்டார். ஒரு ஆண்டு விழாவில் பெரிய மனிதர் ஒருவர் ஒற்றுமையைப் பற்றிப் பேசினார். மேகமும் மேகமும் மோதி இடி பிறப்பதுபோல என்று ஏதோ சொல்ல வந்தார். பெண்கள் பெஞ்சிலிருந்து டீச்சர் எழுந்துவிட்டார்.

"ஐயா, மேகம் மோதுனா இடி வராது. மின்னல் பாயுற வழியில காத்து சட்டுண்ணு சூடாகி வெடிக்கும். அந்தச் சத்தம்தான் இடி. பிள்ளைகள் கேட்டுட்டு இருக்கு, அதனால சொன்னேன்."

ஹெட்மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. பெரிய மனிதர் நல்லவர், சிரித்துக்கொண்டே ஒற்றுமைக்கு வேறு உவமை தேடினார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் நான் பிடித்துக்கொண்டேன். "அந்த மனுஷன் இடியைத் தப்பாச் சொன்னா யாருக்கு டீச்சர் சேதம்? சவத்த விடப்பிடாதா?"

"தப்பான காரணத்த நம்புனா, கைய தப்பான எடத்துல கொண்டு வைப்போம், கேட்டியா சொர்ணம்" என்றார். இந்த வாக்கியத்தை நீங்கள் எல்லாரும் கேட்டிருப்பீர்கள். கரும்பலகையில்கூட எழுதிப் போட்டிருந்தார். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மலையடிவாரத்தில், பள்ளிக்குப் பக்கத்தில் என் ஓட்டு வீடு. என் வீட்டுக்காரர் கொழும்பில் கடையில் இருந்தார். நானும் என் மகள் வள்ளியும்தான் வீட்டில். பாதி வீட்டை டீச்சருக்கு வாடகைக்கு விட்டிருந்தேன். அவர் கர்த்தரைக் கும்பிடுகிறவர், நான் குமாரகோயில் முருகனைக் கும்பிடுகிறவள். அதில் எங்களுக்குள் ஒரு தகராறும் வந்ததில்லை. அடுக்களையில் சட்டுவக் கரண்டியை எங்கே வைப்பது என்பதில்தான் வரும். வேலிக்கு அந்தப் பக்கம் பனையோலை வேய்ந்த வீடு. அதில் தங்கையனும் அவர் மனைவியும் இருந்தார்கள். அவளுக்கு இங்கே செல்லத்தாய் என்று ஒரு பெயர் வைத்துக்கொள்கிறேன். அவள் உண்மைப் பெயரை எழுதப் போவதில்லை. அவர்கள் வீட்டுக்குப் பின்னால் தங்கையனின் ஏத்தன் வாழைத் தோட்டம் ஓடைக்கரைவரை போகும்.

மழைக்காலத்தில் இடி இடித்தால் செல்லத்தாய் வாசலில் நின்று "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்பாள். டீச்சர் ஜன்னல் வழியே, "ஏட்டி, அது அப்படி இல்ல" என்று ஆரம்பிப்பார். அவள் முழுவதையும் மரியாதையாகக் கேட்டுக்கொள்வாள். கடைசியில் சொல்வாள்:

"நீங்க புஸ்தகம் படிச்சிய, நான் அர்ச்சுனன விளிச்சேன். ரெண்டுபேர் வீட்டுலயும் இடி விழல்ல. பின்ன எதுக்கு டீச்சர் சண்டை?"

டீச்சர் திருத்துவது செல்லத்தாய்க்குப் பிடிக்கும். தன்னை ஒரு ஆளாக மதித்து இத்தனை நேரம் யாரும் பேசியதில்லை என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

ஆலங்கட்டிப் பாடம் நடத்தும் நாளில் டீச்சர் என் அடுக்களைக்கு வந்து ஒரு பல்லாரி உள்ளி, பெரிய வெங்காயம், கேட்பார். அதைக் குறுக்கே வெட்டி வகுப்பில் காட்டுவார். ஆலங்கட்டியை வெட்டினாலும் இப்படித்தான் ஏடு ஏடாக இருக்கும், ஒரு ஏடு பால் நிறம், அடுத்தது கண்ணாடி. சட்டென்று உறைந்தால் உள்ளே காற்று மாட்டிக்கொண்டு வெளுப்பாகும், பையப் பைய உறைந்தால் தெளிவாகும். பாடம் முடிந்ததும் உள்ளி திரும்பி வராது. மறுநாள் நான் கேட்டால், "சயன்ஸுக்குப் போச்சு" என்பார். அவரும் அதுவரை ஆலங்கட்டியின் உள்ளே பார்த்தவரில்லை. "புஸ்தகத்துல படிச்சதுதான். ஒண்ணே ஒண்ணு கைல கெடச்சா வெட்டிப் பாத்துருவேன்" என்று ஆசையாகச் சொல்வார். வள்ளி அப்போது பள்ளிக்கூடம் போகும் வயதாகவில்லை. "அதத் தின்னலாமா டீச்சர்?" என்று கேட்டாள். "தின்னலாம் மக்கா. விழுந்தா மொதக் கட்டி ஒனக்குத்தான்" என்றார்.

அந்தச் சித்திரையில் வெயில் மண்டையைப் பிளந்தது. தங்கையனின் வாழைகள் குலை தள்ளி, முட்டுக்கொடுத்து நின்றன. ஒருநாள் சாயங்காலம் அவர் வேலியோரம் வந்து, மலைமேல் எழும்பி எழும்பிக் கலைந்த மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். டீச்சருக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டது. முட்டம் பக்கத்திலிருந்து ஈரமான கடற்காற்று வருகிறது, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக உலர்ந்த காற்று வருகிறது, இரண்டும் மலையில் முட்டி மேலே ஏறுகின்றன என்று தொடங்கினார். தரையில் சூடும் மேலே குளிரும் கூடக் கூட அந்த ஏற்றம் வேகமாகும். சில நாள் காற்று நேரே ஏறும். அப்போது அதன் மழை அதன் தலையிலேயே விழுந்து அடங்கிப்போகும். மேலே போகப்போகக் காற்றின் திசையும் வேகமும் மாறினால், மேகம் சாய்ந்து நிற்கும். மழை ஒரு பக்கம் விழும், ஏற்றம் இன்னொரு பக்கம் தடையில்லாமல் நடக்கும். அப்படிப்பட்ட மேகம்தான் பொல்லாதது.

"அங்க மேல உள்ள தண்ணி உறையாமலே நிக்கும் தங்கையா. குளிரு உறையுறதுக்கு மேலயே உண்டு, ஆனா உறையாது. ஏதாவது ஒரு துணுக்கு தொட்டா அந்த நிமிஷம் அதுல ஒட்டி உறைஞ்சிரும். ஏறுற காத்து அந்தத் துணுக்க விழவிடாமத் தாங்கிக்கிட்டே இருக்கும். அது வளந்துக்கிட்டே இருக்கும். காத்தால இனி தாங்க முடியாதுண்ணு ஆகும்போது கீழ விட்டுரும். மனசிலாச்சா?"

"மனசிலாச்சு டீச்சர்" என்றார் தங்கையன். "எப்பம் விழும்ணு சொல்லுவியளா? குலைய முன்னாலயே வெட்டிருவேன்."

டீச்சர் மலைமேல் இருந்த மேகத்தை ஒருமுறை பார்த்தார். "அதச் சொல்ல முடியாது. எங்க விழும்ணும் சொல்ல முடியாது. விழுந்த பிறவு எப்படி விழுந்துதுண்ணு சொல்லலாம்" என்றார்.

தங்கையன் சிரித்துவிட்டார். அதில் கேலி இல்லை. தன்னைப்போலத்தான் டீச்சரும் என்று தெரிந்த நிம்மதிதான் இருந்தது.

அடுத்த வாரம் வள்ளிக்குக் காய்ச்சல். காலையில் கொஞ்சமாக இருந்தது, மத்தியானத்துக்குள் அடுப்புக்கல்லாகக் கொதித்தது. கண் சொருகி ஏதேதோ பேசினாள். டிஸ்பென்சரி கம்பவுண்டர் வந்து பார்த்தார். தலைக்கு ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சாயங்கால பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்றார். "ஐஸ் இருந்தா தலையில வைக்கலாம். இங்க எங்க போவ?" என்று அவரே சொல்லிக்கொண்டு போனார். பாவம், அவரால் ஆனது அவ்வளவுதான். நான் துணியைக் கிணற்று நீரில் நனைத்து நனைத்துப் போட்டேன். வைத்த துணி உடனே சூடாகியது.

அப்போதே தாடகை மலைக்கு மேல் மேகம் எழுந்துவிட்டது. பானையில் கஞ்சி பொங்குகிற மாதிரி நுரை நுரையாகப் பொங்கி, உச்சி போய் முட்டி, கொல்லன் பட்டறைக் கல்லைப்போலத் தட்டையாக விரிந்தது. அடிவயிறு கறுத்து, ஓரத்தில் பாசி நிறம் தெரிந்தது. காற்று நின்றது. வாழையிலை ஒன்றுகூட அசையவில்லை. டீச்சர் முற்றத்தில் நின்று பார்த்தார், பிறகு உள்ளே வந்து பிள்ளையைப் பார்த்தார், மறுபடியும் முற்றத்துக்குப் போனார். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். விழவேண்டும் என்று வேண்டுகிறாரா, விழக்கூடாது என்று வேண்டுகிறாரா, எனக்குப் புரியவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் தங்கையன் குலைகளைப் பார்த்தபடி நின்றார்.

முதலில் காற்று வந்தது. பின்னாலேயே கல்லெறிகிற சத்தம். பாக்கு அளவில் தொடங்கியது கோழிமுட்டை அளவுக்குப் போயிற்று. ஓடுகள் படபடவென்று உடைந்து வீட்டுக்குள் கொட்டின. நான் பிள்ளையை மடியில் கவிழ்த்து அவள்மேல் குனிந்துகொண்டேன். அடுத்த வீட்டில் செல்லத்தாய் "அர்ச்சுனா" என்று அலறிக்கொண்டு உலக்கையை முற்றத்தில் வீசினாள். உலக்கையை வெளியே போட்டால் கல்மழை நிற்கும் என்பது அவள் நம்பிக்கை. நிற்கவில்லை.

டீச்சர் என் பித்தளைச் சருவச்சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வெளியே ஓடினார். அந்த வெள்ளைச் சேலைக்காரி, நடுமுற்றத்தில் முழங்காலிட்டு இரண்டு கையாலும் ஆலங்கட்டியை வாரி முந்தியில் கொட்டினார். சருவத்தில் கட்டிகள் விழுந்து கோயில் மணியாகச் சத்தம் கேட்டது. தோளிலும் கையிலும் பட்டு நீலம் பாரித்தது. "தங்கையா, கட்டி பெறக்கு! பிள்ளைக்குத் தலையில வைக்கணும்" என்று கத்தினார்.

தங்கையனின் வாழைத் தோட்டம் அதற்குள் படுத்துவிட்டது. இலைகள் நார் நாராகக் கிழிந்து, தண்டு முறிந்து, குலைகள் மண்ணில் கிடந்தன. ஒரு வருஷத்துப் பாடு. அவர் அதன் நடுவில் நின்று ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை விரித்து, தன் வாழையை முறித்த அதே கட்டிகளைப் பொறுக்க ஆரம்பித்தார். துண்டு நிறையக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, மறுபடியும் போனார். அவரிடம் நான் இன்றுவரை இதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியதில்லை. என்ன என்று பேசுவது?

ஓட்டு வீட்டில் வானம் தெரிந்தது. ஓலை வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஓலை வளைந்து கொடுத்து அடியை வாங்கியிருக்கிறது. செல்லத்தாய் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள். நாங்கள் கட்டிகளைச் சுமந்துகொண்டு பின்னால் போனோம். ரோட்டில் புளியமரங்கள் சாய்ந்துவிட்டன, பஸ் வராது என்று ஆள் வந்து சொன்னான். ஓடை பெருகியதால் கட்டிலில் சுமந்து குறுக்கே போகவும் வழியில்லை. விடிந்ததும் மரத்தை வெட்டி வழி எடுப்பார்கள், அதுவரை காய்ச்சலைத் தலைக்கு ஏறவிடாமல் பிடித்து நிறுத்த வேண்டும். எங்கள் கையில் இருந்தது இரண்டு பானை ஆலங்கட்டி.

ஒன்று இரவுக்கு, மற்றது காலைக்கு என்று டீச்சர் பிரித்தார். இரண்டாவது பானையை உமிக்குள் புதைத்து, சாக்குப் போட்டு மூடி வைக்கும்படி செல்லத்தாயிடம் கொடுத்தார். உமி சூட்டை உள்ளே விடாது என்றும் சொன்னார். பிறகு நாங்கள் இருவரும் பிள்ளையிடம் உட்கார்ந்துவிட்டோம். கட்டியைத் துணியில் சுற்றி நெற்றியில் வைத்தோம். சூடு இறங்கியது. வள்ளி கண்ணைத் திறந்து டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் பாக்களவு கட்டி ஒன்றை அவள் உதட்டில் தடவி, "மொதக் கட்டி ஒனக்குத்தாண்ணு சொன்னேனே" என்றார். அவள் அதைச் சப்பினாள். நான் பிழைத்துவிட்டாள் என்று நினைத்தேன். இத்தனை நாள் ஆசைப்பட்டவர், பக்கத்தில் அரிவாள்மணை கிடந்தும், ஒரு கட்டியைக்கூட டீச்சர் வெட்டிப் பார்க்கவில்லை.

விடியும்போது முதல் பானை தீர்ந்துவிட்டது. காய்ச்சல் மறுபடி ஏறத் தொடங்கியது. ரோட்டில் கோடாலிச் சத்தம் கேட்டது. டீச்சர் இரண்டாவது பானையை எடுக்கப் போனார். செல்லத்தாயும் கூடப் போனாள். நான் இருந்த இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சர் சாக்கை நீக்கி, மூடியைத் திறந்து, உள்ளே கைவிட்டார். கையை எடுத்து விரலை நாக்கில் வைத்தார். அப்படியே நின்றார்.

பானையில் தண்ணீர்தான் இருந்தது.

"யம்மா, முழுக்க உருகிப் போச்சே!" என்று செல்லத்தாய் தலையில் அடித்துக்கொண்டாள். "நல்லா மூடித்தான வச்சேன் டீச்சர். கெட்டுப்போகாம நிக்கட்டும்ணு சாளைக்குப் போடுற மாதிரி, ஒரு அடுக்கு கட்டி, ஒரு அடுக்கு உப்புண்ணு போட்டுல்லா வச்சேன்."

முட்டத்து மீன்காரிகளிடம் வாங்கிய சாளையில் மிச்சமானதை அவள் எப்போதும் உப்பில் அடுக்கி வைப்பாள். எந்தப் பொருளையும் நாளைக்கு வைக்க அவளுக்குத் தெரிந்த வழி அது. தோட்டம் முழுவதும் பறிபோன அன்றைக்கு, வீட்டிலிருந்த உப்பையெல்லாம் என் பிள்ளைக்காகக் கொட்டியிருக்கிறாள்.

டீச்சர் அவளைப் பார்த்தார். "எப்படி வச்சாலும் உருகத்தான் செய்யும் ட்டி" என்றார். "நீ நல்லாத்தான் வச்ச. தண்ணி இன்னும் குளிராத்தான் இருக்கு. துணி கொண்டா."

அந்தத் தண்ணீரில் துணியை நனைத்துப் போட்டோம். கண்ணில் வழிந்துவிடாமல் டீச்சர் புருவத்தின்மேல் கையை அணை கட்டிப் பிடித்திருந்தார். குளிர்ச்சி கொஞ்ச நேரம் நின்றது, பிறகு போயிற்று. பிள்ளைக்குக் கை கால் வெட்டி இழுப்பு வந்தது. எனக்குச் செய்ய ஒன்றுமில்லை. கோடாலிச் சத்தத்தை எண்ணிக்கொண்டு, பிள்ளையின் காலைத் தேய்த்துக்கொண்டு, கையாலாகாமல் உட்கார்ந்திருந்தேன். உச்சி வெயிலில் வழி திறந்தது. மாட்டு வண்டி பூதப்பாண்டியைத் தாண்டுவதற்குள், டீச்சர் மடியில் தலையும் என் மடியில் காலுமாக, வள்ளி போய்விட்டாள்.

அதற்குப் பிறகு பல மாதம் கழித்து, உங்களில் சிலர் படித்த வகுப்புதான், நான் தையல் துணிகளை எடுத்துக்கொண்டு சயன்ஸ் வகுப்பைத் தாண்டிப் போனேன். டீச்சர் உறைநிலைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். சுத்தமான நீர் உறைகிற குளிரில் உப்புநீர் உறையாது, அதனால் பனிக்கட்டியில் உப்பைச் சேர்த்தால் கலவை இன்னும் குளிரும், ஆனால் கட்டி சீக்கிரம் கரைந்துபோகும் என்று சொன்னது காதில் விழுந்தது. நான் நின்றுவிட்டேன். கதவருகில் நான் நிற்பதை அவர் பார்த்தார். பாடத்தை நடுவில் விட்டு உட்கார்ந்துவிட்டார். மயக்கம் வந்தது என்று அன்று உங்களுக்குச் சொல்லப்பட்டது.

வீட்டுக்கு வந்து நான் ஆடித் தீர்த்தேன். என் வாயில் வந்ததையெல்லாம் எழுத முடியாது. "இடிக்கு எழும்பி நிண்ணு சொன்னிய. ஊரெல்லாம் திருத்துனிய. உப்புதான் கட்டியக் கரைச்சுதுண்ணு செல்லத்தாய்கிட்ட ஏன் சொல்லல்ல? தப்பான காரணத்த நம்புனா கைய தப்பான எடத்துல வைப்போம்ணு எழுதிப் போட்டது யாரு?"

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "இனி கைய வைக்க எடம் ஏது சொர்ணம்? பிள்ள போயாச்சு. உப்புப் போட்டவகிட்டச் சொன்னா, அவ என்ன செய்வா? எங்க கொண்டு வைப்பா அத?"

நான் அழுதேன். அழுது முடித்து ஒன்றே ஒன்று கேட்டேன். உப்புப் போடாமல் உமியில் மட்டும் வைத்திருந்தால் வழி திறக்கும்வரை நின்றிருக்குமா?

"நிக்காது" என்றார். "அந்தச் சூட்டுக்கு உமியிலயும் நிண்ணிருக்காது. நிண்ணாலும், அந்தக் காய்ச்சலுக்கு ஐஸ் மட்டும் போதாது."

உண்மையைத்தான் சொன்னாரா? எனக்குத் தெரியாது. செல்லத்தாயிடம் சொன்ன அதே குரலில்தான் என்னிடமும் சொன்னார். பொய் சொல்லத் தெரியாதவர் என்று நாம் எல்லாரும் நம்பிய ஒருவர் ஒருமுறை சொல்லிவிட்டால், பிறகு எதைப் பிரித்துப் பார்ப்பது? முதல் பானை எவ்வளவு நேரம் நின்றது, இரண்டாவது எவ்வளவு நேரம் நின்றிருக்கும் என்று இரவில் படுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். தையல்காரிக்கு அந்தக் கணக்கு வரவில்லை. வராததே நல்லது என்று பிறகு விட்டுவிட்டேன். செல்லத்தாயிடம் நான் சொல்லக்கூடாது என்று அவர் சத்தியம் எதுவும் வாங்கவில்லை. என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

செல்லத்தாய் அந்தக் கதையை ஊரில் சொல்வாள். கல்யாண வீட்டில் காய் நறுக்கும்போது ஒருமுறை, நாங்கள் இருவரும் பக்கத்தில் இருக்கும்போதே, சொன்னாள். "நான் உப்புப் போட்டு வச்சேன், அதனாலதான் விடியும்போதும் அந்தத் தண்ணி அப்படிக் குளிந்து கெடந்துது. இல்லியா டீச்சர்?"

"ஆமா ட்டி, நல்ல குளிரு" என்றார் டீச்சர். அது உண்மைதான். ஆனால் அவர் பல்லாரி நறுக்கிக்கொண்டிருந்த கை நின்றதை நான் பார்த்தேன். அந்தச் சித்திரைக்குப் பிறகு ஆலங்கட்டிப் பாடத்துக்கு என்னிடம் உள்ளி கேட்டு அவர் வந்ததேயில்லை. கரும்பலகையில் வட்டம் வட்டமாக வரைந்து காட்டினார் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். மற்றபடி மாறவில்லை. விடுப்பில் போவதற்கு முந்தின வாரம்கூட, நம் தாலுகாக்களைப் பிரித்து மெட்ராஸோடு சேர்த்தால் மழை கூடும் என்று சொன்ன காய்கறிக்காரரை நிறுத்தி, கால்மணி நேரம் திருத்திவிட்டுத்தான் விட்டார்.

அடக்கத்துக்கு செல்லத்தாயும் நானும் ஒரே பஸ்ஸில் போனோம். கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் கலைந்த பிறகும் அவள் நகரவில்லை. மண்ணைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டாள்.

"எக்கா, டீச்சர் எதுக்கெடுத்தாலும் 'அது அப்படி இல்ல ட்டி'ண்ணு சொல்லுவாவ. உப்புப் போட்டதுல மட்டும் ஒண்ணும் சொல்லல்ல. அப்பம் நான் செஞ்சது சரியாத்தான் இருக்கும், இல்லியா? ஆனா எனக்கு ராத்திரி சமயத்துல தோணும், கூட ரெண்டு பிடி போட்டிருந்தா நிண்ணிருக்குமோண்ணு. இவ்வளவு நாளும் கேக்கப் பயந்துக்கிட்டு இருந்துட்டேன். இனி யாருகிட்ட கேக்க?"

என் பிள்ளையைத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனவள் அவள். அவளிடம் சொல்ல என்னிடம் எல்லாம் இருந்தது. உப்பு, உமி, கோடாலிச் சத்தம், எல்லாம்.

"எப்படி வச்சாலும் உருகத்தான் செய்யும் ட்டி" என்றேன். "நீ நல்லாத்தான் வச்ச."

அவள் முந்தியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் ஏறும்வரை விடவில்லை.

டீச்சரின் பெட்டி, படுக்கை, புத்தகம் எல்லாவற்றையும் அவர் அண்ணன் வீட்டார் வந்து எடுத்துப் போய்விட்டார்கள். என்னிடம் மிச்சம் இருப்பது, கல்லறைத் தோட்டத்தில் நான் திருப்பிச் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான். அது சயன்ஸ்படி சரியா, தப்பா என்று எனக்குத் தெரியாது. திருத்த அவரும் இல்லை.

செல்லத்தாய்க்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் அவள் உங்கள் வீடுகளுக்கு வருகிறவள்தான், பெயரை மாற்றியும் உங்களில் பலர் யார் என்று கண்டுபிடித்திருப்பீர்கள். அவள் உங்களிடம் வந்து, நீங்கள் டீச்சரிடம் படித்த பிள்ளைதானே என்று அந்தக் கேள்வியைக் கேட்பாள். என்ன சொல்ல வேண்டும் என்று இப்போது உங்களுக்கும் தெரியும்.